கம்பியில்லா அவசர நிறுத்தக் கருவிகளின் பற்றரிகள்: சார்ஜ் செய்வது முதல் கழிப்பது வரை

மேலோடும் கிரேன், கன்வேயர், கொங்கிறீட் பம்ப் போன்ற இயந்திரங்களை ரிமோட் கொண்டு இயக்குகிறவர்களுக்கும், அந்த ரிமோட்டுகளைப் பேணும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் இவற்றைப் பராமரித்து, வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பழக்கியபோது அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று கண்டதை வைத்தே படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன்.

ரிமோட்டின் பற்றரி இறங்கிப்போனால் இயந்திரம் நின்றுவிடும். ரிமோட்டிலிருந்து, இயந்திரத்தில் பொருத்தியிருக்கும் ரிசீவருக்குச் சமிக்ஞை இடைவிடாது போய்க்கொண்டிருக்கும். கையேட்டில் குறித்த நேரத்துக்கு மேல் அது தடைப்பட்டால் ரிசீவர் தன் பாதுகாப்பு ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் ஆளிகளை) திறந்து இயக்கத்தைத் துண்டித்துவிடும். ஆகவே பற்றரி இறங்கியதால் நேரடியாக விபத்து நேர்வது அரிது. விபத்து அதற்குப் பின்னால் வருகிறது. ஒரே கிழமையில் மூன்று நான்கு தடவை வேலை நடுவில் நின்றுபோகும் இயந்திரத்தைப் பார்த்துச் சலித்த யாரோ ஒருவர் ரிசீவர் பெட்டியைத் திறந்து, நிறுத்த ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து ரிமோட்டில் உள்ள சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நிற்காது. இப்படிப் போடப்பட்ட வயரை நானே இரண்டு இடங்களில் கண்டு கழற்றியிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் ரிசீவரில் பழுது இருக்கவில்லை. பற்றரிகளைத்தான் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த வயருக்குத் தேவை வராமல் செய்வதற்காகவே சொல்லப்படுகிறது.

1. முதலில் எந்த வகைப் பற்றரி என்று உறுதிசெய்யுங்கள்

புதியவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்தப் படியைத் தாண்டிப் போவதால் வருகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் பற்றரிகள் உள்ளே முற்றிலும் வேறானவை. மூடியைக் கழற்றி, பற்றரியின் மேல் அச்சிட்டிருப்பதை முழுமையாக வாசித்து, ரிமோட்டின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சார்ஜரைத் தொட வேண்டும்.

நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையில் ஒரு கலம், அதாவது பற்றரியின் ஓர் அலகு, 1.2 வோல்ற். கிரேன் ரிமோட்டுகளில் இவை பெரும்பாலும் மூன்று, நான்கு அல்லது ஆறு கலங்கள் கொண்ட பொதியாக, 3.6, 4.8, 7.2 வோல்ற் என்று வரும். லிதியம் அயன் வகையில் ஒரு கலம் 3.6 அல்லது 3.7 வோல்ற், முழுமையாகச் சார்ஜ் ஏறியதும் பொதுவாக 4.2 வோல்ற்றில் நிற்கும். லிதியம் இரும்பு பொஸ்பேற் கலம் 3.2 வோல்ற், அதன் உச்சம் 3.65 வோல்ற். இந்த இரண்டு லிதியம் வகைகளுக்கும் சார்ஜரை மாற்றிப் போடக் கூடாது. 3.65 வோல்ற்றில் நிறுத்த வேண்டிய கலத்தை 4.2 வரை தள்ளுகிற சார்ஜர் அதைப் பாழாக்கிவிடும்.

சார்ஜ் செய்யவே கூடாத வகைகளும் உண்டு. சாதாரண அல்கலைன் கலம் 1.5 வோல்ற். கன்வேயர் ஓரங்களிலும் கதவுகளிலும் பொருத்தப்படும் கம்பியில்லா ஆளிகள் சிலவற்றில் லிதியம் தயோனைல் குளோரைட் கலம் இருக்கும், அது 3.6 வோல்ற், ஒருமுறை பாவிப்பதற்கு மட்டுமே உரியது. 3.6 என்ற எண்ணைக் கண்டதும் அதை லிதியம் அயன் என்று எண்ணிச் சார்ஜரில் போட்டுவிடுகிறார்கள். சார்ஜ் செய்தால் அது வெடிக்கக்கூடும். ஓர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 'மீள்சார்ஜ் செய்யக்கூடியது' என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதப்படாத ஒன்றைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதை உறுதியான விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பென்சில் பற்றரியின் அளவு. ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் தடிப்பும் 50 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட அந்த ஒரே உருவில் 1.2, 1.5, 3.6, 3.7 வோல்ற் கலங்கள் எல்லாம் கிடைக்கின்றன. இரண்டு கலங்களில் ஓடும் ரிமோட்டில் 3.7 வோல்ற் கலங்களைப் போட்டால் மூன்று வோல்ற் வர வேண்டிய இடத்தில் ஏழுக்கு மேல் வரும். உள்ளே இருக்கும் பலகை அதைத் தாங்காது.

2. கைவசம் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு ரிமோட்டுக்கும் குறைந்தது இரண்டு பற்றரிகள் வேண்டும். ஒன்று வேலையில், மற்றது சார்ஜில். ஒரே பற்றரியோடு ஓட்டும் இடங்களில்தான் பாதி சார்ஜோடு வேலை தொடங்கப்படுகிறது. மேலே சொன்ன வயரும் அங்கேதான் போடப்படுகிறது. செலவைச் சுருக்க வேண்டுமானால் வேறெதிலாவது சுருக்குங்கள்.

இவற்றோடு, அந்த ரிமோட்டுக்கென்றே உற்பத்தியாளர் கொடுத்த அல்லது கையேட்டில் பெயர் குறித்த சார்ஜர், ஒரு மல்ட்டிமீற்றர், பஞ்சு நூல் உதிராத துணி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல், இறப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, அழியாத மையுள்ள பேனா, ஒரு பதிவுப் புத்தகம் ஆகியவை போதும். பதிவுப் புத்தகத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். பற்றரி மெல்ல மெல்லத்தான் மூப்படைகிறது; எழுதி வைக்காத எவருக்கும் அது புலப்படுவதில்லை.

3. சார்ஜ் செய்யும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நமது கரையோரத்தில் பற்றரிக்கு முதல் எதிரி வெப்பம். பெரும்பாலான லிதியம் அயன் கலங்களைச் சார்ஜ் செய்வதற்கு உற்பத்தியாளர்கள் தரும் எல்லை 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் உள்ள பட்டறையில் நண்பகலில் இந்த மேல் எல்லையை நெருங்குவது பெரிய காரியமன்று. சார்ஜ் ஏறும்போது பற்றரி தானும் சற்றுச் சூடாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் வகைப் பற்றரியோ சூட்டில் சார்ஜை ஒழுங்காக ஏற்றுக்கொள்வதில்லை. மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஆனால் அதன் கணிசமான பகுதி வெப்பமாகவே வீணாகும்.

ஆகவே சார்ஜரை அலுவலக அறையிலோ சுவர் நிழலுள்ள களஞ்சிய அறையிலோ வையுங்கள். வெயில் படும் யன்னல் ஓரம், வாகனத்தின் டாஷ்போர்ட், கிரேனின் மின்பெட்டி மேல், நெல் உலர்த்தியின் அருகு ஆகியவை கூடா. காலை வெயிலில் கொதித்த ரிமோட்டிலிருந்து எடுத்த பற்றரியை உடனே சார்ஜரில் போடாமல், கையில் பிடித்தால் சூடு தெரியாத நிலை வரும்வரை அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

இரண்டாவது தூசி. அரிசி ஆலையில் உமித் தூளும் தவிட்டுத் தூளும் காற்றில் மிதக்கும் இடத்தில் பற்றரியைக் கழற்றவோ மாற்றவோ சார்ஜ் செய்யவோ கூடாது. தொடுமுனை பிரியும்போது எழும் சிறு பொறியும், சார்ஜரின் சூடும், தீப்பற்றக்கூடிய தூசியுள்ள இடத்தில் இருக்கக் கூடாதவை. வெடிப்பு ஆபத்துள்ள இடங்களுக்கென்று சான்றளிக்கப்பட்ட ரிமோட்டாக இருந்தாலும் இந்த விதி மாறாது. அவற்றின் கையேடுகளே பற்றரியை அந்த வலயத்துக்கு வெளியே கொண்டுபோய் மாற்றச் சொல்கின்றன.

மூன்றாவது உப்புக் காற்று. வாழைச்சேனை, ஒலுவில் போன்ற துறைமுகப் பக்கங்களில் ரிமோட்டைவிடச் சார்ஜரின் தொடுமுனைகளே முதலில் துருவேறும். ரிமோட் நீரும் தூசியும் புகாத வகையில் செய்யப்பட்டிருக்கும். சார்ஜர் பெரும்பாலும் வீட்டினுள் வைப்பதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். மூடியுள்ள அலமாரித் தட்டொன்றில், காற்றுப் போக இடைவெளி விட்டு வைத்தால் ஆயுள் கூடும். மாரியில் கூரை ஒழுகும் மூலைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

4. பற்றரிகளுக்கு எண் இடுங்கள்

ஒவ்வொரு பற்றரியிலும் எண்ணும் பாவனைக்கு எடுத்த மாதமும் ஆண்டும் எழுதுங்கள். தனித்தனிக் கலங்களைப் போடுகிற ரிமோட்டானால் ஒரு தொகுதியாக வாங்கியவற்றை ஒரே எழுத்தால் குறித்து, எப்போதும் அவற்றைச் சேர்த்தே பாவித்து, சேர்த்தே சார்ஜ் செய்யுங்கள்.

இதன் காரணம் இதுதான். தொடராக இணைத்த கலங்களில் ஒன்று மட்டும் பழையதாக இருந்தால் அது முதலில் காலியாகிவிடும். மற்றவை இன்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்க, காலியான கலத்தின் முனைகள் நேர் எதிராக மாறி அது நிரந்தரமாகக் கெட்டுப்போகும். 'மூன்று புதிது, ஒன்று பழையது, சரிதானே' என்று போடுகிறவர்கள் நான்கையுமே இழக்கிறார்கள்.

5. பற்றரியை மாற்றும் வரிசை

பழக்கும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான். பற்றரி மாற்றுவதென்றால் மூடியைத் திறந்து பழையதை எடுத்துப் புதியதைப் போடுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது இடையில் வருகிற ஒரு சிறு செயல் மட்டுமே.

முதலில் சுமையைத் தரையில் இறக்குங்கள். கன்வேயரானால் அதை நிறுத்துங்கள். மின்சாரம் போனதும் கிரேனின் பிரேக் சுருள்வில்லின் அழுத்தத்தால் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். என்றாலும் தொங்குகிற சுமையின் கீழ் யாராவது நடக்கும் வாய்ப்பை நாமே உண்டாக்கக் கூடாது.

அடுத்து ரிமோட்டின் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் ரிசீவரின் பிரதான கொன்ராக்டர் (இயந்திரத்துக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ஆளி) விழும் சத்தத்தையும், ரிசீவரின் விளக்கு மாறுவதையும் கவனியுங்கள். நாள்தோறும் செய்யும் பாதுகாப்புச் சோதனை இதிலேயே இலவசமாக முடிந்துவிடுகிறது. அதன் பிறகு சாவியைத் திருப்பி எடுத்து ரிமோட்டை நிறுத்துங்கள்.

இனித்தான் பற்றரி. தூசியற்ற இடத்தில், கைகளைத் துடைத்துவிட்டு, பழையதை எடுத்து, தொடுமுனைகளைப் பார்த்து, நேர் எதிர் முனைகளைச் சரிபார்த்துப் புதியதைப் பொருத்துங்கள். மூடியின் இறப்பர் வளையம் தன் பள்ளத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வளையம் முறுக்கிக்கொண்டால் அடுத்த மழையில் ரிமோட்டுக்குள் தண்ணீர் போகும்.

ரிமோட்டை மீண்டும் இயக்குமுன் எந்தப் பொத்தானும் அழுந்தியபடி சிக்கியிருக்கவில்லை, நெம்புகோல்கள் நடுநிலையில் நிற்கின்றன என்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு நிறுத்தப் பொத்தானை விடுவித்து, தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள். இந்த நிலையில் இயந்திரம் தானாக அசையக் கூடாது. அசைந்தால் உடனே நிறுத்தி, பழுது பார்க்கும்வரை பாவனையிலிருந்து அகற்றுங்கள்.

அசையவில்லையென்றால், சுமை ஏதும் இல்லாமல் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நின்றால் மட்டுமே வேலைக்குத் திரும்புங்கள். புதிதாகச் சார்ஜ் செய்த பற்றரி உண்மையிலேயே தொடர்பைத் தாங்குகிறதா, மாற்றும்போது எதுவும் தளரவில்லையா என்பது இரண்டும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

சுமை அந்தரத்தில் தொங்கும்போதே பற்றரி முற்றாக இறங்கிப்போனால் என்ன செய்வது என்று எப்போதும் ஒருவர் கேட்பார். முதலில் சுமையைச் சுற்றி எவரும் வராதபடி ஓர் ஆளை நிறுத்துங்கள். பிறகு மேலே சொன்ன வரிசையை, தொடக்கத்தில் சுமை இறக்குவதையும் கடைசியில் சுமையில்லாமல் ஓட்டிப் பார்ப்பதையும் மட்டும் விட்டுச் செய்து, மெதுவாகச் சுமையை இறக்கி, அதன் பிறகு அந்தச் சோதனையைச் செய்யுங்கள். கொன்ராக்டரைக் கையால் அழுத்தி இறக்கப் பார்க்கக் கூடாது.

6. சார்ஜ் செய்தல்

சார்ஜரைச் சுவரில் போடுமுன் அதன் வெளியீட்டு வோல்ற்றையும் பற்றரியின் வகையையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். பிளக் பொருந்துகிறது என்பது சார்ஜர் பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்வெட்டு வந்து ஜெனரேற்றருக்கு மாறும் இடங்களில் மாறும் கணத்தில் ஏற்படும் ஏற்றத்தாழ்வு மலிவான சார்ஜர்களைக் கெடுக்கும். அப்படிப்பட்ட இடங்களில் மின்வீச்சைத் தடுக்கும் பாதுகாப்புப் பலகை ஒன்றின் வழியாகச் சார்ஜரைப் போடுங்கள்.

*நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்.* இதில் சார்ஜர் இரண்டு விதம். ஒன்று மெதுவாக ஏற்றுவது: பற்றரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஏறத்தாழ 14 முதல் 16 மணி நேரம். 2000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 200 மில்லி அம்பியரில் ஏற்ற வேண்டும். கணக்குப்படி பத்து மணி நேரம் போதுமே என்று கேட்பீர்கள். உள்ளே போகிற மின்சாரம் எல்லாம் சேமிக்கப்படுவதில்லை என்பதால் மேலதிக நேரம் தேவைப்படுகிறது. மற்றது விரைவாக ஏற்றுவது: நிறைந்ததும் கலத்தின் வோல்ற் ஒரு சிறிதளவு கீழிறங்குவதையும் வெப்பம் உயர்வதையும் உணர்ந்து தானே நிறுத்திக்கொள்ளும்.

மெதுவாக ஏற்றும் எளிய சார்ஜர்கள் பலவற்றில் தானாக நிறுத்தும் வசதி இல்லை. பச்சை விளக்கு எரிகிறது என்பது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே அடையாளமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பல ஆலைகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக மூடியிருக்கும். வியாழக்கிழமை மாலை சார்ஜரில் செருகிய பற்றரி சனிக்கிழமை காலைவரை, அதாவது முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல், அதிலேயே கிடக்கும். ஒவ்வொரு கிழமையும் இப்படி நடந்தால் அந்தப் பற்றரியின் ஆயுள் வெகுவாகக் குறைந்துபோகும். நேரம் குறித்து நிறுத்தும் ஆளி ஒன்றைச் சுவரில் பொருத்திவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது.

புதிதாக வாங்கிய அல்லது நெடுநாள் கிடந்த நிக்கல் பற்றரி முதல் சார்ஜில் முழுக் கொள்ளளவைத் தராது. இரண்டு மூன்று தடவை முழுமையாக ஏற்றி, வேலையில் எச்சரிக்கை வரும்வரை பாவித்து, மீண்டும் ஏற்றினால் தன் நிலைக்கு வந்துவிடும். அதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மீற்றரை வைத்து நிக்கல் பற்றரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்க முடியாது. நிறைந்த நிலையிலிருந்து காலியாகும் தறுவாய்வரை அது ஏறத்தாழ 1.2 வோல்ற்றிலேயே நின்று, கடைசியில் திடீரென்று விழும். 'மீற்றரில் நன்றாகத்தான் காட்டியது' என்று சொல்லி வேலைக்கு எடுத்துப்போன பற்றரி பத்து நிமிடத்தில் நின்றுபோவது இதனால்தான். சார்ஜரில் முழு நேரமும் இருந்ததா என்பதைப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள், மீற்றரைப் பார்க்காதீர்கள்.

*லிதியம் அயன்.* இதற்கு ஒழுங்கான சார்ஜர் முதலில் மின்னோட்டத்தை நிலையாக வைத்து ஏற்றி, உச்ச வோல்ற்றை எட்டியதும் வோல்ற்றை நிலையாக வைத்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்தும். நாம் செய்ய வேண்டியது குறைவு. முற்றாக இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதியில் ஏற்றினாலும் தீங்கில்லை. இதற்கும் நினைவுப் பழக்கம் உண்டு, அதாவது பாதியிலேயே ஏற்றி வந்தால் கொள்ளளவு குறைந்துவிடும் என்று பழையவர்கள் சிலர் சொல்லுவார்கள். அது நிக்கல் கட்மியம் பற்றரிகளின் காலத்தில் வந்த எண்ணம். லிதியத்தை ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் அதன் ஆயுள்தான் குறையும்.

நீண்ட நாள் மறந்து கிடந்து, ஒரு கலம் இரண்டரை வோல்ற்றுக்கும் கீழே இறங்கிவிட்ட லிதியம் பற்றரியை வேறு வழிகளால் உயிர்ப்பிக்க முயலக் கூடாது. சார்ஜர் அதை ஏற்க மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். கார் பற்றரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து 'ஒரு தட்டுத் தட்டி' எழுப்புவதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஆழமாக இறங்கிய கலத்தின் உள்ளே செம்பு கரைந்து வேறிடத்தில் படியக்கூடும். மீண்டும் ஏற்றும்போது அதுவே உள்ளே குறுஞ்சுற்றாகித் தீப்பிடிக்க வழியாகும். ஆட்களின் உயிரைக் காக்கும் கருவிக்குள் அப்படியொரு பற்றரியை வைக்க எவருக்கும் உரிமையில்லை.

7. சார்ஜில் கிடக்கும் ரிமோட்டை மறைத்து வையுங்கள்

பற்றரியைத் தனியே கழற்ற முடியாத, ரிமோட்டையே சார்ஜரில் வைக்கும் வகைகள் உண்டு. மேலதிக ரிமோட் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. இரண்டிலும் ஒரே ஆபத்து: இயங்காத ரிமோட் ஒன்று, சிவப்புப் பொத்தானோடு, எல்லோரும் காணும் இடத்தில் கிடக்கிறது. யாருடைய கையாவது கன்வேயரில் சிக்கினால் அருகில் நிற்பவர் கண்ணில் முதலில் படும் சிவப்புப் பொத்தானைத்தான் ஓடிப்போய் அடிப்பார். அடித்தால் ஒன்றும் நடக்காது.

அவசர நிறுத்தம் பற்றிய ஐஎஸ்ஓ 13850 தரநிலை, இயங்கும் பொத்தானும் இயங்காத பொத்தானும் பார்ப்பவரைக் குழப்பாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்பது இதனால்தான். எளிய வழி பூட்டிய அலமாரி. சார்ஜரை அதன் உள்ளே, காற்றோட்டத்தோடு வைத்து, கதவில் 'உள்ளே உள்ளவை இயங்காதவை' என்று எழுதி ஒட்டுங்கள். ஆலையில் தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள் வேலை செய்தால் இரண்டு மொழியிலும் எழுதுங்கள்.

8. எச்சரிக்கை விளக்கு வந்தால்

பற்றரி இறங்குவதை ரிமோட் மினுங்கும் விளக்காலோ ஒலியாலோ அதிர்வாலோ அறிவிக்கும். அந்த அறிவிப்புக்குப் பிறகும் சிறிது நேரம் ரிமோட் ஓடும். அந்த நேரம் எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் பிழை நடக்கிறது. இயந்திரங்களின் மின்சாதனம் பற்றிய ஐஈசி 60204-1 தரநிலை, இயக்குபவர் இயந்திரத்தை ஆபத்தற்ற நிலைக்குக் கொண்டுவரப் போதிய நேரம் ரிமோட் இயங்க வேண்டும் என்று சொல்கிறது. அதாவது சுமையை இறக்குவதற்கான நேரம். 'இன்னும் நாலு மூடைக்குத் தாங்கும்' என்று வேலையை முடிப்பதற்கான நேரமன்று.

ஆகவே விதி இதுதான்: எச்சரிக்கை வந்ததும் கையில் உள்ள சுமையைப் பாதுகாப்பாக இறக்கி, ஐந்தாம் படியைத் தொடங்குங்கள். இதை மேற்பார்வையாளரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பற்றரி மாற்றும் மூன்று நிமிடத்துக்காகத் தொழிலாளியைத் திட்டுகிற இடத்தில் எந்த வழிகாட்டியும் பயன் தராது.

9. மாதம் ஒருமுறை பற்றரியைச் சோதியுங்கள்

இயந்திரத்தின் பிரதான மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, முழுமையாகச் சார்ஜ் செய்த பற்றரியோடு ரிமோட்டை இயக்கி ஓர் ஓரமாக வையுங்கள். ரிசீவரின் தொடர்பு இல்லாமல் சில ரிமோட்டுகள் தாமாக உறங்கிவிடும். அப்படியானால் ஒரு வேலை நாளின் பாவனை நேரத்தைக் குறித்துக்கொண்டாலும் போதும். இரண்டு நேரங்களை எழுதுங்கள்: தொடங்கியதிலிருந்து எச்சரிக்கை வரும்வரை எவ்வளவு, எச்சரிக்கையிலிருந்து முற்றாக நிற்கும்வரை எவ்வளவு.

முதலாவது எண் எல்லோருக்கும் விளங்கும். புதிதாக இருந்தபோது கிடைத்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் புதிய பற்றரிக்குச் சொல்லி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இரண்டாவது எண்ணை எவரும் அளப்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம். மூப்படைந்த பற்றரியின் உள் எதிர்ப்பு, அதாவது மின்சாரத்துக்கு அதன் உள்ளேயே எழும் தடை, கூடிவிடும். அதனால் எச்சரிக்கை வந்தபின் அது மளமளவென்று சரிந்துவிடும். புதிதாக இருந்தபோது பத்து நிமிடம் தாங்கிய இடத்தில் இரண்டு நிமிடமே தாங்கலாம். உயரத்தில் இருக்கும் சுமையைத் தரைக்குக் கொண்டுவர உங்கள் கிரேனுக்கு எத்தனை நிமிடம் தேவை என்று அளந்து பாருங்கள். எச்சரிக்கைக்குப் பிந்திய நேரம் அதன் இருமடங்குக்குக் குறைந்தால், முதல் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பற்றரியைக் கழித்துவிடுங்கள்.

10. தொடுமுனைகளைத் துப்புரவாக்குதல்

மாதச் சோதனையின்போதே இதையும் செய்யலாம். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் பற்றரி, ரிமோட், சார்ஜர் மூன்றின் முனைகளையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பொருத்துங்கள். மண்கடதாசியால் உரசக் கூடாது. முனையின் மேலுள்ள மெல்லிய பூச்சு உரிந்துபோனால் அடியிலுள்ள உலோகம் உப்புக் காற்றில் சில கிழமைகளிலேயே பச்சைபிடிக்கும். அழுக்கான முனை மின்சாரத்துக்குத் தடையாகிறது. நிறைந்த பற்றரியையும் இறங்கிய பற்றரிபோலக் காட்டுகிறது. நல்ல பற்றரிகள் பல இந்தக் காரணத்துக்காகவே எறியப்படுகின்றன.

அல்கலைன் கலம் கசிந்து வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அது காரத்தன்மை உள்ளது. தோலையும் கண்ணையும் எரிக்கும். வினாகிரி சிறிது தொட்ட பஞ்சால் முனையை மட்டும் துடைத்து, பின்னர் நீர் தொட்ட துணி, பிறகு அல்கஹோல் என்ற வரிசையில் முடியுங்கள். பலகைவரை கசிந்திருந்தால் அந்த ரிமோட்டைப் பாவனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

11. போகம் முடிந்து ஆலை ஓயும்போது

பெரும்போக அறுவடையும் சிறுபோக அறுவடையும் நடக்கும் மாதங்களில் இரவு பகலாக ஓடும் ஆலைகள் இடையில் கிழமைக்கணக்காக ஓய்ந்திருக்கும். பற்றரிகள் அதிகம் கெடுவது வேலையில் அன்று, இந்த ஓய்வில்தான்.

பற்றரிகளை ரிமோட்டிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றுங்கள். நிறுத்தி வைத்த ரிமோட்டும் சிறிதளவு மின்சாரம் உண்ணும். லிதியத்தைப் பாதியளவு, அதாவது 40 முதல் 60 வீத சார்ஜில் வையுங்கள். முழுச் சார்ஜும் வெப்பமும் ஒன்றுசேர்வதே அதன் ஆயுளை விரைவாகத் தின்கிறது. நிக்கல் வகை தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். சாதாரண வகையில் மாதத்துக்கு 20, 30 வீதம்வரை போகலாம். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து முழுமையாக ஏற்றி வையுங்கள்.

உலர்ந்த, குளிரான, நிழலான இடம் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் நமது ஈரக் காற்றில் முனைகள் வியர்க்கும். திறப்புக் கோவையும் ஆணிகளும் கிடக்கும் லாச்சிக்குள் போடவே கூடாது. இரண்டு முனைகளும் ஓர் ஆணியால் தொடுபட்டால் போதும், தீப்பிடிக்கக்கூடும்.

ஆலை மீண்டும் தொடங்குவதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் சார்ஜ் செய்து, ஒன்பதாம் படிச் சோதனையைச் செய்யுங்கள். நெல் லொறிகள் வாசலில் வரிசையில் நிற்கும்போது இதைச் செய்ய எவரும் விடமாட்டார்கள்.

12. கழித்தலும் அப்புறப்படுத்தலும்

வீங்கிய, வெடிப்புக் கண்ட, தண்ணீரில் ஊறிய, உயரத்திலிருந்து விழுந்து நசுங்கிய, சார்ஜில் கை வைக்க முடியாதபடி சூடாகும் லிதியம் பற்றரியை அந்தக் கணமே நிறுத்துங்கள். வீங்கியதை அழுத்தவோ துளையிடவோ கூடாது. முனைகளைப் பசைநாடாவால் மூடி, கட்டடத்துக்கு வெளியே, மணல் போட்ட உலோக வாளியில் வையுங்கள். சார்ஜரில் இருக்கும்போதே புகை வந்தால் முதலில் சுவர் மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை அகற்றுங்கள். பிறகு, நெருங்கக்கூடிய நிலையானால், நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தூள் அணைப்பான் சுவாலையை அடக்கினாலும் கலத்தின் சூட்டைத் தணிக்காததால் மீண்டும் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை நச்சுத்தன்மையுள்ளது. அதைச் சுவாசிக்கக் கூடாது.

சாதாரணமாக ஆயுள் முடிந்த பற்றரிகளையும் முனைகளை மூடியே சேர்த்து வையுங்கள். குப்பையோடு எரிப்பதும் வாவிக் கரையில் கொட்டுவதும் வேண்டாம். மின்னணுக் கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களிடம் கொடுப்பதே முறை. பழைய இரும்புக்காரரிடம் மற்றச் சாமான்களோடு போட்டுவிட்டால், லொறிக்குள் நசுங்கி அங்கே தீப்பிடிக்கக்கூடும்.

கழித்த பற்றரியின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் வெட்டி, அதே நாளில் புதியதற்கு எண் இட்டு எழுதுங்கள். கழித்ததை அன்றே பட்டறையிலிருந்து அகற்றாவிட்டால், அவசர வேளையில் யாராவது அதை எடுத்து மீண்டும் ரிமோட்டுக்குள் போட்டுவிடுவார்கள்.